ரிச்மண்டில் என் அப்பாவின் துப்பாக்கி

1

அங்கே தை அமாவாசை விடியும்போது எங்களுக்கு இங்கே முந்தின நாள் சாயங்காலம்தான். வர்ஜீனியாவில் அன்றைக்கு நல்ல பனி. தொழிற்சாலையிலிருந்து வந்து, நனைந்த கையுறையைக் கழற்றி ஹீட்டர் மேல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. என் தம்பி சேகர். மாமல்லபுரம் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தான். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட வருஷா வருஷம் மறைமலைநகரிலிருந்து பஸ் ஏறிப் போகிறவன் அவன்தான். மூத்தவன் நான் இங்கே உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாடா?" என்று கேட்பதோடு என் கடமை தீர்ந்துவிடும்.

"முடிஞ்சிதுண்ணா. கூட்டம் இன்னா கூட்டம், கால் வெக்க எடமில்ல. ஒரே பேஜாரு. அத்த வுடு. நம்ம கயலு பாப்பா பேசுற வீடியோ ஒண்ணு குரூப்புல வந்துச்சி. பெரியப்பா பேரன் கீய தமிழ் எயுத்து போட்டு அனுப்பிகீறான். இன்னா ஷோக்கா பேசுது தெரியுமா? கோட்டு போட்டுகினு, மைக்க புடிச்சிகினு, பெரிய வக்கீலு மாரியே கீது."

எனக்கு அப்படி ஒரு வீடியோ இருப்பதே தெரியாது. பெருமையாகத்தான் இருந்தது. "எதப் பத்திடா பேசுறா?" என்றேன்.

"துப்பாக்கி பத்திண்ணா. நம்ம அப்பா துப்பாக்கி. எலெக்சனு, போலீசு, பன்னி, நெலம் எல்லாம் வருது." அலைச் சத்தம் கேட்டது. "நான் ரெண்டு தபா பாத்துட்டேன். அதுல என்னக் காணோமேண்ணா."

குறை சொல்கிற குரலில்லை அது. ரேஷன் கடைப் பட்டியலில் பேர் விட்டுப்போனால் கேட்பானே ஒருவன், அப்படிக் கேட்டான். எனக்குத்தான் சுருக்கென்றது.

2

இந்தப் பக்கத்தில் நான் இதற்கு முன் குளிரைப் பற்றியும் இங்கத்திக் கத்தரிக்காயின் லட்சணத்தைப் பற்றியும் எழுதி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே, காப்புக்காட்டை ஒட்டின ஒரு கிராமம் எங்களுடையது. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தேன். ஒரு வருஷத்துக்கென்று இங்கே அனுப்பினார்கள். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. மனைவி சுமதி திருவிடந்தைக்காரி. ஒரே மகள் கயல்விழி. இங்கே பிறந்தவள்.

என் பேர் நடராஜன். பாஸ்போர்ட்டில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன எழுதுவது? நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து, ஆறுமுகம் என்று அப்பா பேரைப் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் மிஸ்டர் ஆறுமுகம். ஆரம்பத்தில் யாராவது அப்படிக் கூப்பிட்டால், பின்னால் அப்பா வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன். சுமதி மிஸஸ் ஆறுமுகம் ஆனாள். மாமனார் பேரில் தன்னைக் கூப்பிடுகிறார்களே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டது தனிக் கதை. மகள் பிறந்ததும் அவளும் ஆறுமுகம்தான். பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், இப்போது சட்டப் படிப்பில், எங்கே போனாலும் மிஸ் ஆறுமுகம்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கயல் சில வருஷம் போனாள். பிறகு நீச்சல் வந்தது, விவாதப் போட்டி வந்தது, தமிழ் நின்றது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் சொல்வாள். பிறகு அதுவும் குறைந்து 'ம்' என்று ஆயிற்று. ஊருக்குப் போகலாமா என்றால் இன்டர்ன்ஷிப் என்பாள். வெளிநாட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருஷம் கடைசி வருஷப் படிப்பு. துப்பாக்கி உரிமைக்காக வாதாடுகிற ஓர் அமைப்பில் பகுதி நேரமாகச் சேர்ந்தாள். சனி, ஞாயிறு அவள் வந்தால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பழைய சட்டங்களின் நகல்கள். ரசத்தை வைக்க இடமில்லை. ஒரு நாள் உட்காரவைத்து எனக்கே பாடம் எடுத்தாள். அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் என்பது ஒரே ஒரு வாக்கியம். முதல் பாதி, ஒழுங்கான குடிப்படை, அதாவது ஊர் ஜனங்களே சேர்ந்த படை, ஒரு சுதந்திர நாட்டுக்குத் தேவை என்கிறது. அடுத்த பாதி, ஆயுதம் வைத்துக்கொள்ள மக்களுக்கு உள்ள உரிமையில் கைவைக்கக் கூடாது என்கிறது. ஒரு கட்சி முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, இன்னொன்று இரண்டாம் பாதியை. இப்போதெல்லாம் கோர்ட்டில், 'அந்தக் காலத்தில் இப்படி ஒரு வழக்கம் இருந்ததா, காட்டு' என்று கேட்கிறார்களாம். அதனால் இரண்டு பக்கத்து வக்கீல்களும் பழைய காகிதங்களைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. இங்கிலாந்தில் ஒரு ராஜாவைத் துரத்திவிட்டு எழுதின உரிமைச் சாசனத்தை எடுத்துக் காட்டினாள். புராட்டஸ்டன்ட்டுகள் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. மற்றவன் என்ன செய்வான் என்று கேட்டேன். சிரித்தாள். இதே வர்ஜீனியா வெள்ளைக்காரன் குடியேற்றமாக இருந்தபோது, ஆண்கள் சர்ச்சுக்குத் துப்பாக்கியோடு வர வேண்டும் என்று சட்டமே இருந்ததைக் காட்டினாள்.

"யாருக்குப் பயந்தும்மா சாமி கும்பிடப் போற இடத்துக்குத் துப்பாக்கி?"

"நேட்டிவ் மக்களுக்கு. அப்புறம் சவுத்ல அடிமைங்களுக்கு. அது வேற பேப்பர்ல இருக்குப்பா. இந்த ஆர்க்யுமென்ட்டுக்கு அது வேண்டாம்."

பாஸ்டன் நகரத்துப் பழைய சட்டம் ஒன்று. வெடிமருந்து கெட்டித்த துப்பாக்கியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்கிறது. "இது உங்களுக்கு எதிரா இருக்கே" என்றேன். "இல்லப்பா. அது தீ அணைக்க வர்றவங்க சாகக் கூடாதுன்னு போட்டது. குழந்தைங்களுக்காக இல்ல" என்று பட்டென்று பதில் வந்தது. வெள்ளைக்காரன் நம் ஊரில் போட்ட ஆயுதச் சட்டத்தையும் வைத்திருந்தாள். நம்மவன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வாங்க வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். அதைக் கேட்டபோது எனக்கே கொஞ்சம் ரத்தம் சூடானது.

அப்போதுதான் கேட்டாள். "அப்பா, தாத்தாகிட்ட ஒரு கன் இருந்துச்சுன்னு சொல்வீங்க இல்ல? அந்த ஸ்டோரி ஃபுல்லா சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க. எனக்கு ஒரு சோர்ஸ் வேணும்."

எத்தனை வருஷம் கழித்து என் மகள் என்னிடம் கதை கேட்கிறாள்! சுமதியைக் காபி போடச் சொன்னேன். கயல் போனில் ஒலிப்பதிவை அழுத்தி மேஜை மேல் வைத்தாள். நான் ஒன்று விடாமல் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

3

அப்பாவிடம் இருந்தது ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று அரசாங்க லைசென்ஸ். வேர்க்கடலை காய் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றி கும்பலாக இறங்கும். ஒரே ராத்திரியில் ஏர் ஓட்டின மாதிரி கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். அப்பா பன்றியைச் சுட்டு நான் பார்த்ததில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். ஆயுத பூஜைக்கு அதற்கும் கலப்பையோடும் கதிர் அரிவாளோடும் சேர்த்துச் சந்தனம், குங்குமம் உண்டு.

அந்த வகைத் துப்பாக்கியில் ஒரு தொல்லை. குழல் வாய் வழியாகத்தான் வெடிமருந்தையும் ஈய ரவையையும் போட்டுக் கெட்டிக்க வேண்டும். கெட்டித்துவிட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. சுட்டால்தான் காலி.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்கள் எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். உங்களுக்குத் தெரியும், இன்றைக்கும் இருக்கிற வழக்கம்தான். அப்பா துப்பாக்கியைப் பழைய வேட்டியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் நீளமாகக் கட்டிக்கொண்டு போவார். ஏட்டையா ஒரு ரசீது கொடுப்பார். ஸ்டேஷன் வாசலிலேயே இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். ஓட்டு எண்ணி முடித்ததும் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்த் திரும்புகிற மாதிரி அது போகும், வரும். யாருக்கும் அதில் கோபமோ அவமானமோ இருந்ததில்லை.

ஒரு வருஷம் கடலை பிடுங்குகிற சமயத்தில் தேர்தல் வந்தது. ஊரில் மற்றவர்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். அப்பா, "கடல வூட்டுக்கு வரட்டும், அப்புறம் குடுக்குறேன்" என்று இழுத்தடித்தார். வழக்கமாகப் பெட்டிக்குள் பூட்டிவைக்கிறவர், போலீஸ் வந்து கேட்டால் என்ன செய்வது என்று, மாட்டுக்கொட்டகைக் கூரையில் வைக்கோலுக்குள் செருகிவைத்தார். பன்றிக்காகக் கெட்டித்தது கெட்டித்தபடி.

சேகருக்கு அப்போது ஒன்பது வயது. மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனான். கையில் இரும்புக் குழாய் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. வாய்ப்பக்கம் பிடித்து இழுத்தான்.

வலது கைக் கட்டைவிரலும் அதற்கு அடுத்த இரண்டு விரலும் போயின. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடி, கல் லாரி ஒன்றை மறித்து, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். இந்தத் தடவை வேட்டி சுற்றவில்லை. நடந்ததை அவரே சொன்னார். தேர்தல் முடிந்து, விசாரணை எல்லாம் ஓய்ந்தபிறகு, "வந்து எட்த்துகினு போய்யா" என்று ஏட்டையா ஆள் அனுப்பினார். அப்பா போகவில்லை. லைசென்ஸே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பன்றி வந்தது, கடலையைத் தின்றது. அப்பா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சேகர் கைக்கு மெட்ராசில் மேலும் மேலும் வைத்தியம் பார்க்க நிலத்தைத் துண்டு துண்டாக விற்றோம். கடைசித் துண்டு போனபிறகும் விரல் வரவில்லை. இன்றைக்கு அங்கே காம்பவுண்டு போட்டு வில்லா வீடுகள் கட்டியிருக்கிறார்கள்.

சேகர் எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டான். இடது கையால் சாப்பிடுவதால் கல்யாணப் பந்தியில் உட்காரவே மாட்டான். டிரைவராக ஆசைப்பட்டான், நடக்கவில்லை. இப்போது மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டுகிற கான்டிராக்டரின் ஷெட்டில், எந்த பஸ் எந்த ஷிஃப்டுக்கு என்று அனுப்புகிற வேலை. அமாவாசைக்குத் தண்ணீர் விடுவதும் அப்படித்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்துதான் தண்ணீர் விழ வேண்டும். அவனுக்கு அந்த இரண்டும் இல்லை. புரோகிதர் ஒன்றும் சொல்ல மாட்டார். சேகர் வலது உள்ளங்கையில் ஊற்றி, அப்படியே கடலில் சரித்துவிட்டு வருவான்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது கயலின் கண் கலங்கியிருந்தது. "எந்தக் கை அப்பா?" என்று கேட்டாள். நான் என் வலது கையைத் தூக்கி, மூன்று விரலை மடக்கிக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாகத் தூங்கினேன் என்று நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

4

சேகர் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டில் சட்டசபைக் குழு ஒன்றின் கூட்டம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் துப்பாக்கியைக் காலி செய்து பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று ஒரு மசோதா. அதை எதிர்த்துப் பேச வந்தவர்கள் வரிசையில் என் மகள். "மிஸ் ஆறுமுகம்" என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.

நான் அந்த ஆறுமுகத்தின் பேத்தி என்றுதான் ஆரம்பித்தாள். என் தாத்தா ஓர் ஏழை விவசாயி, பயிரைக் காப்பாற்ற ஒரு துப்பாக்கி வைத்திருந்தார், அதற்கு அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது, அந்தச் சட்டத்தின் வேர் எங்களை அடிமையாக வைத்திருந்தவர்கள் போட்டது. ஆயுதத்துக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற பண்டிகை உள்ள மரபு எங்களுடையது. ஒவ்வொரு தேர்தலிலும், மக்கள் ஓட்டுப் போடுவதற்கு முன்னால், போலீஸ் துப்பாக்கிகளை வாங்கி வைத்துக்கொள்ளும். இந்த இடத்தில் அரங்கத்தில் ஒரு சலசலப்பு. யாரோ 'கடவுளே' என்றார்கள். ஒரு தேர்தலுக்குப் பிறகு தாத்தாவின் துப்பாக்கி வீடு திரும்பவில்லை. பன்றிகள் பயிரை அழித்தன. அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிலம் கைவிட்டுப் போனது. இது புத்தகத்தில் படித்ததல்ல, என் தந்தையிடம் நேரில் கேட்டுப் பதிவு செய்த வரலாற்று ஆதாரம். நன்றி.

கை தட்டினார்கள். அடப்பாவி மகளே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சுமதி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

5

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். தோசை வார்த்து வைத்திருந்தோம். நான் தட்டைத் தொடவில்லை.

"சேகர் சித்தப்பாவை ஏம்மா சொல்லல?"

"ரெலவன்ட் இல்லப்பா."

"அவன் கை போனதுனாலதான் துப்பாக்கி போச்சு. அது ரெலவன்ட் இல்லையா?"

"நான் சொன்னதுல ஒரு பொய் காட்டுங்க. எலெக்ஷன் டைம்ல தாத்தா கன்னைக் கொடுத்தாரா? கொடுத்தாரு. திரும்பி வந்துச்சா? வரல. பன்னி சாப்பிட்டுச்சா? நிலம் போச்சா? எல்லாம் உண்மை."

தேடிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பொய்கூட அகப்படவில்லை. தொழிற்சாலையில் எத்தனையோ பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. இங்கே ஒவ்வொரு துண்டும் சரியாக இருந்தது, மொத்தமாகச் சேர்த்தால் பச்சைப் புளுகு.

"இன்னொரு குழு முன்னாடி போகுதாமே மசோதா. அங்க எழுந்து முழுசாச் சொல்லிடு" என்றேன்.

"முடியாதுப்பா. கிராஜுவேட் பண்ணினதும் எனக்கு அங்கதான் வேலை. அவங்க கேஸையே நான் உடைக்கணுமா?" தட்டைத் தள்ளிவைத்தாள். "போன வருஷம் லைப்ரரி பார்க்கிங்ல ஒருத்தன் என் கார் வரைக்கும் பின்னாடியே வந்தான். டோரைப் பிடிச்சு இழுத்தான். அன்னிக்கு நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாது. நான் நம்பறதைத்தான் பேசறேன்."

எனக்கு இது புதுச் செய்தி. சுமதியைப் பார்த்தேன். அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"அவ பயந்துகினு கெடந்தா, அத்தயும் கொஞ்சம் பாருங்க. அவளாண்ட ஒண்ணு கீது. அப்பவே வாங்கிட்டா" என்றாள்.

"என்ன ஒண்ணு?"

"அதாங்க. துப்பாக்கி."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்களாண்ட சொன்னா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பீங்க. அதான் சொல்லல."

என் மகளைப் பார்க்கிங்கில் ஒருவன் துரத்தியிருக்கிறான், எனக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்குள் துப்பாக்கி வந்து போயிருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை. கதை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டார்கள். நான் குதிக்கவில்லை. எழுந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன். எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப உள்ளே வந்தேன். கயல் கிளம்பிப் போயிருந்தாள்.

6

சேகருக்குப் போன் போட்டு, நானே போய் அந்தக் குழு முன்னால் சொல்லப்போகிறேன் என்றேன். பதறிவிட்டான்.

"வேணாண்ணா. கொயந்தைக்கு வேல போய்டப் போவுது. என்னால அது கெட வேணாம். நான் அதுல இல்லன்னா இப்ப இன்னா?"

"அங்க பேசுறதெல்லாம் ரெக்கார்டுல ஏறிடும்டா. நாளைக்கு எவனோ ஒருத்தன் அதைத் தோண்டி எடுத்து, பாரு, இந்தியாவுல ஒரு விவசாயிகிட்டேருந்து போலீஸ் துப்பாக்கியைப் புடுங்கி அவன் குடும்பத்தையே அழிச்சுதுன்னு ஆதாரம் காட்டுவான். அதுல அப்பா இருப்பாரு, பன்னி இருக்கும். நீ இருக்க மாட்ட."

அவனுக்குப் பின்னால் பஸ் ரிவர்ஸ் எடுக்கிற சத்தமும் யாரோ "வா வா வா" என்று கத்துவதும் கேட்டது. "அப்புறம் பேசுறேண்ணா" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் ஒரு படம் வந்தது. ஷெட்டில் நிற்கிற பஸ்ஸின் முன்பக்கம், அதன் மேல் விரித்துவைத்த ஒரு வலது கை. விரித்துவைக்க இரண்டு விரல்தான். கீழே, 'பேரும் சொல்லு. ஆ. சேகர்னு சொல்லு' என்று எழுதியிருந்தான்.

உங்களுக்கு இது சாதாரணமாகப் படலாம். என் தம்பி அந்தக் கையை யாருக்கும் காட்டியதில்லை. அவன் மகளின் கல்யாண ஆல்பம் முழுக்க அவன் வலது கை ஒரு கைக்குட்டைக்குள்தான் இருக்கிறது. நாங்கள் ஊருக்குப் போகும்போது குட்டிக் கயல், "சித்தப்பா, கைல என்ன?" என்று கேட்பாள். "மருதாணி வெச்சிகீறேன் கண்ணு. தெறந்தா கலஞ்சிடும்" என்பான். ஒவ்வொரு விடுமுறைக்கும் அவள் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் அவன் மருதாணி வைத்திருந்தான். வளர்ந்தபிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு, ரிச்மண்டுக்குப் போனேன்.

பேச வருகிறவர்கள் வாசலில் பேர் பதிய வேண்டும். ஆதரவா, எதிர்ப்பா என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"இரண்டும் இல்லை. ஒரு திருத்தம் சொல்ல வந்திருக்கிறேன்."

"மசோதாவுக்குத் திருத்தமா? அதை உறுப்பினர்தான் கொண்டுவர முடியும்."

"மசோதாவுக்கு இல்லை. என் அப்பாவுக்கு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கடைசியில் ஆதரவு என்று ஒரு குறி போட்டு உள்ளே அனுப்பினாள்.

அறை சின்னதுதான். இரண்டாம் வரிசையில் கயல், அவள் அமைப்பைச் சேர்ந்தவர்களோடு. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போயிற்று. எனக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. அவள் முதலில் பேசினாள், போன தடவை பேசினது அப்படியே. தேர்தல், போலீஸ், பன்றி, நிலம். திரும்பும்போது என் பக்கம் பார்க்கவில்லை. பிறகு "மிஸ்டர் ஆறுமுகம்" என்று கூப்பிட்டார்கள். சில தலைகள் அவளிடமிருந்து என்னிடம் திரும்பின.

கொடுத்தது இரண்டு நிமிஷம். பதற்றத்தில் என் இங்கிலீஷ் மறைமலைநகருக்கே போய்விட்டது. ஆனாலும் சொன்னேன். மிஸ் ஆறுமுகம் சொன்ன வரலாற்று ஆதாரம் நான்தான். என் அப்பாவிடமிருந்து யாரும் துப்பாக்கியைப் பிடுங்கவில்லை. அவரே கொண்டுபோய்க் கொடுத்தார், திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னபோது வேண்டாமென்றார். ஏனென்றால் குண்டு போட்டபடி வைத்திருந்த அந்தத் துப்பாக்கியை என் தம்பி தொட்டுவிட்டான். அவன் பேர் ஆ. சேகர். நிலம் போனது அவன் கைக்காக. உங்கள் மசோதாவுக்கு எப்படி வேண்டுமானாலும் ஓட்டுப் போடுங்கள், அது உங்கள் நாட்டுச் சமாச்சாரம். என் தம்பியை விட்டுவிட்டு என் அப்பாவை எழுதிக்கொள்ளாதீர்கள்.

படத்தைக் கொடுத்தேன். உறுப்பினர்கள் கை மாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு படம் பார்வையாளர் பக்கம் வந்தது. கயலிடமும் வந்தது. அவள் அதை வாங்கினாள். குனிந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தாள்.

குழுத் தலைவர் அவளைக் கேட்டார், ரொம்ப மரியாதையாகவே: "மிஸ் ஆறுமுகம், நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? இது உங்கள் சித்தப்பாவா?"

எழுந்து நின்றாள். அந்த ஒரு நொடியில் நான் அவளுக்காக எத்தனை சாமியைக் கும்பிட்டேன் தெரியுமா? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை போனால் போகட்டும், நான் இருக்கிறேன் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தலாம் போல இருந்தது.

"என் தந்தை மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு" என்றாள், நிதானமான வக்கீல் இங்கிலீஷில். "வாய்மொழிக் குடும்ப வரலாறுகள் ஆளுக்கு ஆள் மாறுபடும். இந்தியா போகும்போதெல்லாம் என் சித்தப்பாவைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு காயத்தை நான் என் கண்ணால் பார்த்ததில்லை."

உட்கார்ந்துவிட்டாள். தலைவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

இதிலும் பொய் இல்லை. பார்த்ததில்லைதான். அவளைப் பெற்ற நாளிலிருந்து அவள் என்னை எத்தனையோ விதமாக நோகடித்திருக்கிறாள், எல்லாம் பிள்ளைகள் செய்வதுதான். இது அப்படியில்லை. என் முதுகில் குத்தியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் குத்தியது அவளுக்காக மருதாணி வைத்துக்கொண்டவனை.

மசோதா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

7

காரை எடுக்க மனமில்லாமல், நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சேகரே கூப்பிட்டான். எப்போது கூப்பிடலாம் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருப்பான்.

"இன்னாண்ணா, சொன்னியா?"

"சொன்னேன்டா."

"என் பேரு?"

"சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

"கயலு இருந்துச்சா? இன்னா சொல்லுச்சி?"

மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த வேலையை எங்கள் குடும்பத்தில் ஒருவர் செய்தது போதும் என்று தோன்றியது. உள்ளதை உள்ளபடி சொன்னேன். உன் காயத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டாள்டா என்றேன். நாலு வசவு வைவான், எனக்கும் ஆறுதலாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"அது நெசந்தானேண்ணா" என்றான். "நான்தான காட்டல. கொயந்த பயந்துக்கும்னு மூடி மூடி வெச்சேன். அது மேல இன்னா தப்பு?"

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அண்ணா, அந்த போட்டோ அது பாத்துச்சா?"

"பாத்துதுடா. கையில வாங்கிப் பாத்துது."

பிறகு, இத்தனை வருஷம் எதற்காக அந்தக் கையை ஒளித்தானோ அதையே கேட்டான்.

"பயந்துச்சாண்ணா?"

"இல்லடா" என்றேன். "அவ பயப்படவே இல்ல."